சுவருக்கு இந்தப் பக்கம்

2008 ஜூன் 9, திங்கள்

காலை காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் பல தடவை பெல் அடித்துவிட்டுத் திரும்பிப் போக இருந்தாராம். மாடி வீட்டுக்காரர் பார்த்து நிறுத்தியிருக்கிறார். பெல் பழையதாகிவிட்டது, மாற்ற வேண்டும்.

மனைவி நேசமலர் போய்ச்சேர்ந்து இருபத்தொன்பது நாள்.

மகள் பியூலா பெங்களூரிலிருந்து பேசினாள். லைன் மோசம். இரண்டு தரம் சொல்லியும், யாரோ வருகிறார்கள் என்பது மட்டும்தான் பிடிபட்டது. அப்புறம் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி மெசேஜ் அனுப்பினாள். ஹமீதா என்று ஒருவர் வியாழக்கிழமை வருவாராம். அம்மாவின் பியானோ வாசிப்பைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். கடைசியில், "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம பேசுங்கப்பா."

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம், ஷிப்ட் முடிந்தால் லாக் புத்தகம் எழுதிய கை இது. ரிட்டயர் ஆனதோடு அந்தப் பழக்கம் போயிற்று. வீட்டில் பேச ஆள் இல்லாமல், இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோகிறது. அதனால் இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

அந்தப் பெண் வந்துபோனாள். நாற்பது வயதிருக்கும். கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து தருவது தொழில். ஹாம்பர்க்கில் ஒரு சின்ன நிறுவனம், உலகம் மறந்துபோன பியானோ கலைஞர்களின் பதிவுகளைத் தேடித் தேடி வெளியிடுகிறதாம். அவர்களுக்கு நேசமலரின் பெயர் தெரிந்திருக்கிறது.

மெதுவாகப் பேசுகிற பெண். பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

1967-ல் கல்கத்தாவில் பதிவு செய்த இசைத்தட்டைக் கொண்டுவந்திருந்தாள். உறையில் நேசமலர், இருபத்தெட்டு வயது, கறுப்புப் பட்டு, முழங்கை வரை ரவிக்கை.

"இந்த ஒரு ரெக்கார்டுதானா சார்? வேற ஒண்ணுமே இல்லையா?"

இல்லை என்றேன்.

அவளுக்காகச் சில விவரங்கள் சொன்னேன். பாளையங்கோட்டையில் தலைமையாசிரியர் மகளாகப் பிறந்தது; ஏழு வயதில் பள்ளிக்கூட ஆர்மோனியத்தில் ஞானப்பாட்டு எல்லாவற்றையும் தானாக வாசித்தது; மெட்ராஸில் படிப்பு; இருபத்தொன்றாவது வயதில் வியன்னாவில் இரண்டு வருடம்; பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஒருமுறை லண்டன். "புடைவை கட்டிய பெண் ஷூபர்ட்டைப் புரிந்து வாசிக்கிறாள்" என்று ஒரு பத்திரிகையில் ஒருவன் எழுதினான். அதைப் படித்துவிட்டு அவள் மூன்று நாள் சிரித்தாள்.

"எழுபத்தெட்டுக்கு அப்புறம் ஏன் சார் மேடை ஏறல?"

உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று இல்லை என்று சொன்னது சரியல்ல. பரணில் இருநூற்றுப் பன்னிரண்டு டேப் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. பிரசங்கம் இப்போதெல்லாம் மனதில் நிற்பதில்லை.

டேப் விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

1972-ல் ஜெர்மன் ஸ்பூல் ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். எனக்கு இசை தெரியாது. கல்யாணமான புதிதில் அவள் வாசிக்கும்போது முன்னால் உட்கார்ந்து, எங்கே தலையாட்டுவது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன். ஆனால் மெஷின் தெரியும். மைக்கை எங்கே வைத்தால் எப்படிப் பதியும், சத்த அளவைக் காட்டும் முள் எதுவரை ஏறலாம் என்பதெல்லாம் என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். கச்சேரிக்குக் கச்சேரி அதைத் தூக்கிக்கொண்டு போவேன்.

1978 டிசம்பர், எழும்பூரில் ஓர் அரங்கம். இரண்டாம் பகுதியில் ஷூபர்ட்டின் சொனாட்டா என்ற நீண்ட பியானோப் படைப்பு. நான் மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் இருந்தேன். ஸ்பூல் முடிந்து, நாடாவின் நுனி பட் பட் என்று அடித்தது. நிறுத்த எழுந்தேன். அதற்குள் அவள் வாசிப்பு நின்றிருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து சபையைக் கும்பிட்டாள். உள்ளே போய்விட்டாள்.

டாக்ஸியில், "டேப்பெல்லாம் அழிச்சிருங்க அத்தான். ஒண்ணு விடாம" என்றாள்.

அழித்துவிட்டேன் என்று மறுநாள் சொன்னேன். அழிக்கவில்லை.

அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. மெஷினுக்கும் பியானோ முக்காலிக்கும் இடையில் பதினெட்டடி. பிற்பாடு ஒருநாள் போய் அளந்து பார்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஒன்றரை வருடம் அவள் பியானோவைத் திறக்கவில்லை. 1980 வாக்கில் ஒருநாள் காலை, சமையலை முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதன்பின் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு. மேடைக்குக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் முடியாது என்றே பதில்.

பியானோ அறைக்கும் என் அறைக்கும் நடுச்சுவரில் ஒரு வென்டிலேட்டர் உண்டு. அதை ஒட்டி அலமாரி மேல் மைக்கை வைத்தேன். ரெக்கார்டர் மேஜையில், துணி போட்டு மூடி. லீவு நாளில், நைட் ஷிப்ட் முடிந்த காலையில், ரிட்டயர் ஆன பிறகு நினைத்த நாளில். 1996 நவம்பர் வரை. அவளுக்குத் தெரியாது. வாசிப்பு முடிந்ததும் ஸ்பூலைக் கழற்றித் தேதி எழுதிப் பரணில் ஏற்றிவிடுவேன். போட்டுக் கேட்டதில்லை. அவள் எப்போதும் வீட்டிலேயே இருந்தாள், எப்படிப் போடுவது? அதுதான் காரணம்.

ஹமீதாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். வரச் சொல்லி.

ஜூன் 21, சனி

மூன்று ஆட்கள் வந்து பரணைக் காலி செய்தார்கள். ஹமீதா ஒரு ஸ்பூலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். "நாடா கெட்டா வினிகர் வாசம் வரும், வரல. பொழச்சுக்கும் சார்" என்றாள். எதிரே நின்று சொன்னதால் தெளிவாக இருந்தது.

போகும்போது கேட்டாள்: "அம்மா இதெல்லாம் வெளியிடச் சம்மதிச்சிருப்பாங்களா?"

ஹாம்பர்க்காரர்களுக்குக் குடும்பத்தின் கையெழுத்து வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

பியூலா வந்துபோனாள். பெல் நன்றாகத்தான் அடிக்கிறது என்கிறாள். புதுசு மாட்டிவிட்டுப் போனாள்.

ஜூலை 14, திங்கள்

ஹமீதா பட்டியல் கேட்டிருக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தாலும் ஒரு சி.டி. தட்டில் எழுபது நிமிடம்தான் கொள்ளும். "எது சிறந்ததுன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும் சார்?" என்று எழுதியிருக்கிறாள்.

பதிவுகளை ஐம்பது, ஐம்பதாக கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு ஸ்பூலைத் திருப்பி அனுப்புகிறாள். ரெக்கார்டரைத் துடைத்து எண்ணெய் போட்டேன். ஓடுகிறது. ஒவ்வொன்றாகப் போட்டு முள்ளைப் பார்த்தேன். முள் எல்லை தாண்டாமல், தயங்கி நிற்காமல், ஒரே சீராக ஏறி இறங்கினால் நல்ல வாசிப்பு என்று கணக்கு. ஒருநாளைக்குப் பன்னிரண்டு டேப்.

சில டேப்பில், எல்லாம் முடிந்து முள் கீழே விழுந்த பிறகு, மறுபடி லேசாகத் துடிக்கிறது. ஐந்து விநாடி, பத்து விநாடி. தெருச் சத்தமாக இருக்கும்.

ஜூலை 31, வியாழன்

பதினான்கு டேப் தேர்ந்தெடுத்து எண்களை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹமீதா ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டிருந்தாள். குளிரூட்டிய சின்ன அறை. ஹெட்போனை மாட்டிவிட்டு, நான் அனுப்பிய பட்டியலில் முதல் டேப்பைப் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு தரம், "இந்த இடம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றுகூடச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் இருந்த காகிதத்தை எடுத்து எழுதி என் பக்கம் தள்ளினாள்.

"டேப்பை நிறுத்தி மூணு நிமிஷம் ஆச்சு சார்."

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுபத்துநான்கு வயதில், மகள் வயதுப் பெண்ணின் முன்னால்.

அவள் வேறொரு தாள் எடுத்தாள். எழுதினாள்.

"நிறைய டேப்ல வாசிச்சு முடிச்சதும் அம்மா பேசறாங்க. உங்ககிட்ட. நீங்க கேட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். அது தனிப்பட்ட பேச்சுங்கறதால நான் ரெண்டு மூணுக்கு மேல கேக்கல. உங்க பொண்ணை வரச் சொல்லுங்க."

ஆகஸ்ட் 7, வியாழன்

1979 ரயில்வே மருத்துவப் பரிசோதனைக்கு முன்பே வலது காது மந்தம். கேபினில் சிக்னல் மணி எனக்குக் கேட்காமல், பக்கத்திலிருந்தவர் எழுந்து போய்க் கவனித்தார். வெளியே தெரிந்தால் சிக்னலிலிருந்து எடுத்து எங்காவது குமாஸ்தா நாற்காலியில் போட்டுவிடுவார்கள். பரிசோதிக்கிறவர் உதட்டைப் பார்த்துப் பார்த்தே தப்பித்தேன். தொண்ணூறுக்குள் இடது காதும் போய்விட்டது. எதிரே நின்று, சத்தமாக, வெளிச்சத்தில் பேசினால் பிடித்துக்கொள்வேன். அவளிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகஸ்ட் 9, சனி

பியூலா வந்திருக்கிறாள். ஹமீதா பேச்சுப் பகுதிகளை மட்டும் தனியே எடுத்து ஒரு தட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மொத்தம் எண்பத்தேழு இடம்.

சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பியூலா காதில் மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவாள். எழுதி முடித்ததும் என் பக்கம் திருப்பிவைப்பாள்.

முதலாவது, அறுபத்தேழாம் எண் டேப், 1981 மார்ச்:

"அத்தான், மேஜைத் துணிக்கு அடியில சிவப்பு லைட்டு தெரியுது. இன்னைக்கு தூசி தட்டும்போதுதான் பாத்தேன். அழிச்சிட்டேன்னு சொன்னீங்கல்லா. சரி, இருக்கட்டும். நான் கேக்க மாட்டேன். ஆனா நல்லா வந்ததை மட்டும் வச்சுக்கோங்க. எது நல்லா வந்துச்சுன்னு நானே சொல்லுதேன். இன்னைக்கு வாசிச்சது வேண்டாம்."

நான் இரண்டு தடவை படித்தேன். பியூலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எழுபத்தொன்பதாம் டேப், 1982:

"அன்னைக்கு மேடையில நின்னு போனது உங்க மெஷினால இல்ல அத்தான். அதுக்கு ஒரு பக்கம் முன்னாலயே எனக்கு அடுத்தது மறந்துட்டு. கை தன்னால போய்க்கிட்டு இருந்துச்சு, அம்புட்டுதான். சத்தம் வந்தது எனக்கு ஒரு சாக்கு. நீங்க அதை மனசுல போட்டு உழப்பிக்கிட்டு இருக்கீங்களோன்னு தோணுச்சு. நேர்ல சொல்ல வாய் வரல. இதுல சொன்னா கேப்பீங்கல்லா."

இருபத்தாறு வருடம் இது பரணில் இருந்திருக்கிறது.

இன்று இதற்குமேல் வேண்டாம் என்றேன். பியூலா நிறுத்தாமல், தான் மட்டும் மாலை வரை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பியூலா எழுதி வைத்ததைப் படித்தேன். பெரும்பாலானவை ஒரு வரி. "இது வேண்டாம்." "இடது கை கனமா இருக்கு, வேண்டாம்." "பாதிவரைக்கும் நல்லா வந்துச்சு, அப்புறம் பால் பொங்குற ஞாபகம் வந்துட்டு." "பியூலாவுக்கு இன்னைக்கு பரீட்சை, எனக்கு வாசிப்புல மனசு இல்ல." எங்கோ ஓரிடத்தில், "இது நல்லா வந்துச்சு. இதை வச்சுக்கோங்க."

ஒன்பது டேப்பில் வெவ்வேறு வருடங்களில் ஒரே விஷயம்: "சுவத்துக்கு அந்தப் பக்கம் ஏன் உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்களேன். நாற்காலி போட்டு வச்சிருக்கேன்."

அந்த அறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தது உண்மை. இசைப் புத்தகம் அடுக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். நான் போனால் அவளுக்கு இடைஞ்சல் என்றும் நினைத்திருந்தேன்.

மத்தியானம் பியூலா கடைசித் தாளைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு, 1996 நவம்பர்.

"வலது கையில ரெண்டு விரல் மரத்துப் போகுது. மூணு மாசமா இருக்கு. டாக்டர்ட்ட காமிச்சேன், நரம்பு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாவ. இனிமே வாசிக்கல. அதுல எனக்கு வருத்தம் இல்ல அத்தான், நெறைய வாசிச்சாச்சு. ஆனா பியானோவை மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க. வாசிக்காட்டாலும் அது இங்கயே கெடக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன். இத்தனை வருசமா எதுக்கும் நீங்க பதில் சொல்லல. இதுக்காவது சொல்லுங்க."

ஆகஸ்ட் 11, திங்கள்

1997 ஜூனில் பியானோவை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவள் ஏழு மாதமாக மூடியைத் திறக்கவில்லை. ஆசை விட்டுப்போயிற்று, பார்க்கப் பார்க்கக் கஷ்டப்படுகிறாள் என்று நானே முடிவு செய்தேன். பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான். கொடுத்துவிடலாமா என்று அவளிடம் கேட்கவும் செய்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பார்க்கவில்லை. பார்த்தாயா, மனசு விட்டுப்போயிற்று, நான் செய்தது சரிதான் என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள். எனக்கு டைபாய்டு வந்தபோது இரவு பகலாகப் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவளுக்கு ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். உதடு தெரியவில்லை. சரிம்மா, சரிம்மா என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பியூலா ஊருக்குக் கிளம்புமுன் கேட்டேன், எனக்குக் காது கேட்காது என்பது அம்மாவுக்குத் தெரியுமா என்று.

அவள் என் எதிரே வந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னாள்.

"அப்பாவுக்கு காது கொஞ்சம் மந்தமாயிட்டு வருதுன்னு கடைசி நாலஞ்சு வருஷம் அம்மா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. வயசானதாலன்னு. அதுக்கு முன்னாடி தெரியாது. எனக்கும் தெரியாது."

"வேற ஏதாவது சொல்லுவாளா?"

"வேண்டாம்ப்பா."

"சொல்லு."

"'உங்க அப்பாட்ட எவ்வளவோ சொல்லியாச்சு. கேட்டுக்கிட்டே கேக்காத மாதிரி இருக்காவ. நல்ல மனுசன், ஆனா கல்லு.' இதான் சொல்லுவாங்க. எதைப் பத்திச் சொல்றாங்கன்னு எனக்கு இப்பத்தான் புரியுது."

நான் வேலை, மருத்துவப் பரிசோதனை என்று ஆரம்பித்தேன்.

"அது சரி. தொண்ணூத்திரெண்டுல ரிட்டயர் ஆயிட்டீங்க. அப்புறம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. ஒரே ஒரு வார்த்தை."

ஆட்டோ வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போய்ச் சேர்ந்ததும் எப்போதும் மெசேஜ் வரும். வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மெசேஜ் இல்லை. மழை. மொட்டைமாடியில் துணி நனைந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பியானோ இல்லை. 2005 வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மரம் ஊதிப் பிளந்துவிட்டதாம். உள்ளே இருந்த இரும்புச் சட்டத்தை மட்டும் தனியே எடுத்துப் போட்டிருந்தார்களாம், அதுவும் போய்விட்டது. தகவல் சொன்ன ஆசிரியை பாவம், தன் தப்பு மாதிரி வருந்தினார். "சொல்லி அனுப்பியிருக்கணும் சார், யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காது டாக்டர். இரண்டு காதிலும் நரம்பு போய்விட்டது. மெஷின் மாட்டினால் சத்தம் வரும், பேச்சு பிரியாது. இருபது வருடம் முன்னால் வந்திருந்தால் வேறு என்றார். எழுதித்தான் காட்டினார்.

செப்டம்பர் 13, சனி

பியூலா வந்தாள். மெசேஜ் இல்லாமல், நேராக. புது பெல் அடித்தால் ஹாலில் விளக்கும் சேர்ந்து எரிகிற மாதிரி ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மாற்றினாள். அவர் போகும்வரை என்னிடம் பேசவில்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து எடுத்தோம். "வச்சுக்கோங்க" என்று அவள் சொன்ன வாசிப்புகளை மட்டும் குறித்தோம். பதினாறு வருடத்தில் ஏழு. அவ்வளவுதான். ஒரு ஷூபர்ட், மூன்று பிராம்ஸ், மற்றது பாஹ். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம்.

நான் முள்ளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பதினான்கில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ஸ்டுடியோவுக்கு இருவரும் போனோம். கையெழுத்துப் போட்டேன். ஹமீதா எழுபது நிமிடம் கொள்ளும் என்று மறுபடி சொன்னாள். மற்றதிலும் அபூர்வமான வாசிப்பு இருக்கிறதாம். ஹாம்பர்க்காரர்கள் இன்னும் கேட்பார்களாம்.

"அவ வேண்டாம்னு சொன்னதை நான் எப்படிம்மா குடுக்க முடியும்? ஒரு தடவை அவ சொன்னதை மீறிட்டேன். இந்தத் தடவை அவ சொன்னபடிதான்."

ஹமீதா தலையாட்டினாள். பின்னர், ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் அந்த ஒரு வரிப் பேச்சு இருக்கிறதே, அதை வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்று கேட்டாள். ஜெர்மனியில் இருப்பவர்களிடம் சொன்னதும் மிகவும் விரும்பினார்களாம்.

"இருக்கட்டும்ப்பா" என்றாள் பியூலா. "அம்மா குரல் வேற எங்கயும் இல்ல. எல்லாரும் கேக்கட்டுமே."

"எல்லாருக்கும் சொல்லணும்னு அவ சொல்லல. எனக்குச் சொன்னது."

பியூலா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். கோபமாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "வெட்டிருங்க" என்று ஹமீதாவிடம் சொன்னாள்.

உறையில் என் பெயரை, பதிவு செய்தவர் என்று போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஒன்று மட்டும் போடச் சொன்னேன். "இப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்தவர் நேசமலர்."

அக்டோபர் 2, வியாழன்

உறைக் குறிப்புக்காக அவள் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். எழுதினேன். பிறப்பு, படிப்பு, வியன்னா, கச்சேரிகள் எல்லாம் முதல் பாதியில் வந்துவிட்டன. 1978-க்குப் பிறகு என்ன எழுதுவது? "மேடையை விட்டு விலகினார்" என்று எழுதி அடித்தேன். "மௌனமானார்" என்று எழுதி, அது பொய் என்று அடித்தேன்.

கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன்: "1980 முதல் பதினாறு ஆண்டுகள் தினமும் தம் வீட்டில் வாசித்தார். தம் வாசிப்பில் ஏழைத் தவிர வேறெதையும் அவர் ஏற்கவில்லை. அவரது கணவர் அடுத்த அறையில் இருந்தார். தமக்குக் காது கேட்காது என்பதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை."

கடைசி வரி தேவையா என்று ஹமீதா கேட்டு எழுதியிருந்தாள். தேவை என்று பதில் அனுப்பினேன்.

டிசம்பர் 25, வியாழன்

பியூலா வந்திருந்தாள். கோவிலுக்குப் போனோம். அவள் பாட்டுப் புத்தகத்தில் வரிக்கு வரி விரல் வைத்துக் காட்டினாள். நானும் பாடினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விரலை எடுக்கவில்லை.

2009 பிப்ரவரி 7, சனி

தட்டு வந்துவிட்டது. உறையில் கல்கத்தா படம் இல்லை. அடுப்படி வாசலில் அறுபது வயதில் நிற்கிற படம், பியூலா கொடுத்தது.

பியூலா பிளேயரைப் பியானோ இருந்த அறையில் வைத்தாள். தரையில் மூன்று இடத்தில் சக்கரத் தடம் இன்னும் இருக்கிறது. நான் என் அறை வாசலிலேயே நின்றேன். என்ன என்பதுபோல் பார்த்தாள். உள்ளே போனேன். ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஆரம்பிக்கும்போது கையைத் தூக்கறேன். முடிஞ்சா இறக்கிடறேன். சரியாப்பா?"

கையைத் தூக்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அம்மாவின் நெற்றி. நாலைந்து நிமிடத்தில் ஓரிடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஓரிடத்தில் வாய் லேசாகத் திறந்தது. பிறகு எந்த இடம் என்று தெரியாது, அழுதாள். துடைத்துக்கொள்ளவில்லை. கையை மட்டும் அப்படியே வைத்திருந்தாள், வலித்திருக்கும். நான் தலையாட்டவில்லை. கேட்கிற மாதிரி எதுவும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்தொரு நிமிடம் கழித்துக் கையை இறக்கினாள்.

இருவரும் எழுந்திருக்கவில்லை.